கட்டிய வரிசையும் கெடுகிற வரிசையும்

சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கி ஆனி பிறக்கும் தறுவாய் வரையில் சோழமண்டலக் கரையின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் பருவமென்று கருதி 2001-ஆம் ஆண்டில் 45 நாட்களாக விதிக்கப்பட்ட இந்தத் தடை, 2017-ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீண்டிருக்கிறது. தடையைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் வேறு விஷயம். வருஷம் முழுவதும் நீருக்குள் மறைந்து கிடந்த தம் படகின் அடிப்பாகத்தை ஒரு படகுக்காரர் கண்ணால் காண்பது இந்த நாட்களில்தான் என்பதும், கண்டபின் அவர் படுகிற வியாகூலத்துக்குப் பாதிக்குமேல் கடல் பொறுப்பல்ல, படகை உருவாக்கியபோது யாரும் கேட்காமல் விட்ட சில கேள்விகளே பொறுப்பு என்பதுமே நான் இங்கே சொல்ல விரும்புவது.

நாகப்பட்டினத்தில், கடுவையாற்றின் ஓரமாக, அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் நடுவே படகுகள் கரையேறி வரிசையாக நிற்கும் காட்சி ஒரு திருவிழாவைப் போலத்தான் இருக்கும். கொட்டலசு சுரண்டும் ஓசையும், பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் இறுக்கிக் கலப்பத்து அடிக்கும் ஓசையும், வெல்டிங் பொறியின் சீறலும், வர்ணத்தின் நெடியும் காலை முதல் மாலை வரை ஓய்வதில்லை. அங்கே என் அண்ணனுக்கு, அதாவது பெரியப்பா மகனுக்கு, மரத்தால் கட்டிய விசைப்படகு ஒன்று உண்டு. எழுத்துத் தொழிலுக்கு வந்துவிட்ட நான், தடைக்காலத்தில் சில நாட்களேனும் அவரோடு இருந்து கைவேலை செய்வதை ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். மெலிந்த உடம்புக்காரன் என்பதால், இஞ்சினுக்கும் பக்கப்பலகைக்கும் இடையிலுள்ள சந்துகளில் நுழைகிற பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும்.

சென்ற முறை நான் நுழைந்தது டீசல் நாற்றத்தின் மூலத்தைத் தேடி. இரண்டு மாதமாக அடிவயிற்றில் தேங்கும் நீரின்மேல் வானவில்லைப்போல் எண்ணெய் படர்ந்துகொண்டிருந்தது. குழாய்களை மாற்றியும் குறையவில்லை. கடைசியில் டார்ச்சு விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, டேங்கின் அடியில் கையை நுழைத்துத் தடவியபோது, இரும்புத் தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டியது. மேற்புறமும் பக்கங்களும் வர்ணம் கலையாமல் பளிச்சென்று இருந்த அந்த டேங்க், பலகையோடு பலகையாகப் படிந்து உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் அரித்துப் போயிருந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத அந்தப் படிமானத்தில் ஒருமுறை புகுந்த உப்புநீர் ஒருநாளும் உலர்வதில்லை. அடியில் இரண்டு மரச்சட்டங்களைக் கொடுத்து டேங்கை இரண்டங்குலம் தூக்கி வைத்திருந்தால், நீர் வடிந்திருக்கும். வர்ணம் பூசக் கையும் போயிருக்கும்.

ஓட்டை சுண்டுவிரல் நுனியளவுதான். அதை அடைக்க வேண்டுமானால் டேங்கை வெளியே எடுக்க வேண்டும், எடுக்க வழியில்லை. மேல்தளத்தில் உள்ள வாய் ஒரு மனிதன் இறங்குமளவே அகலமுடையது. டேங்கோ ஒரு கட்டிலின் அகலம். முன்னால் இஞ்சின், பின்னால் மீன் அறையின் தடுப்பு, தலைக்குமேல் வரிந்து கட்டிய தளம். படகுத் தச்சரான ஓடாவி வந்து எட்டிப் பார்த்தார், வயதானவர், அவருடைய தகப்பனாரும் படகு கட்டியவர். "டேங்க உள்ள வச்ச பொறகுதானே தம்பி மேல் பலகை அடிச்சிருக்காங்க. அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். நல்ல நிலையிலிருந்த தளத்தை அறுக்க ஒன்றரை நாள். டேங்கைத் தூக்கி, கழுவி, நீர் நிரப்பித் தீப்பற்றாதபடி பக்குவம் செய்ய ஒரு நாள். ஒட்டு வைக்க ஒரு மணி நேரம். மறுபடி தளம் மூடிக் கலப்பத்து அடிக்க நான்கு நாள். நோய்க்கு ஒரு மணி நேரமும், நோயாளியிடம் போய்ச் சேர ஆறு நாட்களுக்கு மேலும் செலவாயின.

ஓடாவி சொன்ன அந்த ஒரு வாக்கியம் என் மனத்தை விட்டு அகலவில்லை. படகைக் கட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு: அடிமரமான ஏராக்கட்டை, விலா எலும்புகளைப் போன்ற வங்குக்கால்கள், பக்கப்பலகை, டேங்க், இஞ்சின், தடுப்புகள், தளம், கடைசியாக அறை. கெடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அது கட்டிய வரிசையைத் தலைகீழாக்கியது அன்று என்பதே படகுக்காரரின் துர்ப்பாக்கியம். முதலில் கெடுவது தளமாகவும் அறையாகவும் இருந்தால் பாதகமில்லை. முதலில் கெடுவது டேங்க், இஞ்சினைத் தாங்கும் கட்டைகளின் போல்ட்டுகள், தண்ணீர் இறைக்கும் பம்பு, ஷாஃப்ட் தாங்கி ஆகியவை. முதலில் வைக்கப்பட்டவையாகையால் இவையே எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கின்றன. பட்டறையில் எந்தப் பொருளை எப்போது உள்ளே வைப்பது சௌகரியம் என்று யோசிக்கிறார்கள். எந்தப் பொருள் எத்தனை வருஷத்தில் வெளியே வர வேண்டியிருக்கும் என்று யோசிப்பவர் அருமை.

இஞ்சினை எடுத்துக்கொள்வோம். நம் கரையோர விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது லாரிக்கென்று பிறந்து, பிறகு கடலுக்குத் தக்கபடி மாற்றப்பட்ட டீசல் இஞ்சின். உழைப்பாளியான யந்திரம்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரியைப் பழுதுபார்ப்பவர் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய எண்ணெயை வடிக்கும் திருகை அதன் அடிவயிற்றில் வைத்தார்கள். படகில் இஞ்சினின் அடியில் இருப்பது ஏராக்கட்டை. நடுவே உள்ள இடைவெளி நான்கு விரற்கடை. அந்த இடைவெளியில் ஸ்பேனரும் போகாது, ஏந்தும் தட்டும் போகாது. இதனால் சிலர் பழைய எண்ணெயை அடிவயிற்று நீரிலேயே வடியவிட்டுப் பம்பினால் ஆற்றில் தள்ளுகிறார்கள். சிலர் மாற்றுவதையே தள்ளிப் போடுகிறார்கள். திருகு இருக்கும் இடத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, அதைப் பக்கவாட்டில் மேலே கொண்டுவந்து, ஒரு கைப்பம்பை வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் தீர்கிற காரியம் இது. இஞ்சின் கட்டையில் இறங்குவதற்கு முன்பு அந்தக் குழாயைப் பொருத்துவது எளிது. இறங்கிய பிறகு பொருத்துவதற்கு இஞ்சினையே தூக்க வேண்டும்.

கடல்நீரை இழுத்து இஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் உள்ளே ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. தேய்ந்து போவதே அதன் இயல்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியது. எங்கள் படகில் அதன் மூடி டேங்கைப் பார்த்தபடி திரும்பியிருக்கிறது. ஆறு திருகுகள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. க்ஷவரக் கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி எதிரே நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் வலம் இடமாகத் தெரியும் திருகை விரல் நுனியால் கழற்றியிருக்கிறேன். நான்காவது திருகு கைதவறி எண்ணெய் கலந்த அடிநீரில் விழுந்துவிட்டது. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் துழாவினோம். பித்தளைத் திருகைக் காந்தம் இழுக்காது என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை சிரமத்தையும் கரையில் படலாம். நடுக்கடலில், படகு உருளும்போது, இஞ்சின் கொதித்து நின்றுவிட்ட ராத்திரியில் அதே ஆறு திருகுகளை ஒருவன் கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கும்போதுதான் என் நெஞ்சு பதைக்கிறது. பராமரிப்புக்கு எட்டாத இடம் என்பது கரையில் வெறும் அலுப்பு. கடலில் அது ஆபத்து.

இன்னொரு விஷயத்தையும் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டை வருஷத்துக்கு ஒருமுறை உருவிப் பார்ப்பது புத்திசாலித்தனம். துருப்பிடிக்காத எஃகினாலான ஷாஃப்ட் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அந்த எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பில் பிராணவாயுவின் சம்பந்தத்தால் உண்டாகும் மெல்லிய படலம். ஓடும் நீரில் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். தாங்கிக்குள்ளும், நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டுக்குள்ளும் நீர் தேங்கி, பிராணவாயு தீர்ந்துபோன இடத்தில் அந்தப் படலம் அழிந்து, எஃகு குழிகுழியாக அரிபடும். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற பாகம் வெள்ளிபோல் மின்ன, தெரியாத பாகத்திலேதான் வியாதி வளரும். ஆகவே உருவித்தான் பார்க்க வேண்டும். உருவினால் என்ன ஆகிறது? ஷாஃப்ட் பின்பக்கமாக வெளியே வர வேண்டும். அதற்கு நேர் பின்னால் சுக்கான் நிற்கிறது. சுக்கானை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி வைத்திருந்தால், அல்லது அதன் பலகையில் ஷாஃப்ட் போகுமளவுக்கு ஒரு துளை விட்டிருந்தால் வேலை முடிந்தது. இரண்டும் இல்லையானால் சுக்கானை இறக்க வேண்டும். சுக்கானின் தண்டு நீளமானது. அது முழுவதும் கீழே இறங்கப் படகின் அடியில் அத்தனை ஆழம் வேண்டும். மணலில் நிற்கும் படகுக்குக் குழி தோண்டலாம். சிமெண்டுத் தளத்தில் நிற்கும் படகுக்கு என்ன செய்வது? ஜாக்கி வைத்துப் படகையே இன்னும் மூன்றடி உயர்த்த வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற படகுக்காரர் செலவுக்கு அஞ்சி, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஷாஃப்டைத் தொடாமலே விட்டுவிட்டார். சோம்பலால் செய்த காரியமன்று அது. நல்ல படகுக்காரரையும் அசிரத்தைக்காரராக்கிவிடுகிற சக்தி ஒரு மோசமான அமைப்புக்கு உண்டு.

மரப்படகை அழிப்பது உப்புநீர் என்று கரையில் வசிக்காதவர்கள் எண்ணுவார்கள். கப்பல் புழுவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உண்மை நேர்மாறானது. உப்பு மரத்தைப் பதப்படுத்துகிறது. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் காளான் செழிப்பது நன்னீரில். விசைப்படகுக்குள் நன்னீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்தும், அதைவிட அதிகமாகப் பனிக்கட்டியிலிருந்தும் வருகிறது. மீன் அறையில் உடைத்துக் கொட்டிய ஐஸ் உருகி, மீனின் கழிவோடு கலந்து, உட்பூச்சில் விழுந்த ஒரு மயிரிழை விரிசல் வழியாக இறங்கி, வெப்பத்தைத் தடுக்க வைத்த நுரைப்பலகைக்கும் வங்குக்காலுக்கும் இடையில் தங்கிவிடுகிறது. வங்குக்கால்களின் அடியில் நீர் ஓடுவதற்கென்று விடப்படும் துளைகள் பென்சில் போகுமளவே இருந்தால் ஒரு மீன் செதில் போதும் அடைத்துக்கொள்ள. வெளிப்புறத்தில் புழு புகாமலிருக்கக் கண்ணாடி இழைப் போர்வை வேறு ஒட்டிவிடுகிறார்கள். அது வெளிநீரை உள்ளே விடாது என்பது எவ்வளவு மெய்யோ, உள்நீரை வெளியே விடாது என்பதும் அவ்வளவு மெய். எங்கள் படகின் மீன் அறையில் உட்பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தோம். வெளியே வர்ணம் மின்னும் இடத்துக்கு நேர் உள்ளே, ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் மரத்தில் இறங்கிற்று. அண்ணன் ஒன்றும் பேசாமல் அதை உருவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையைச் சூறையாடிய பிறகு, உதவி செய்ய வந்த ஸ்தாபனங்களின் கொடையால் ஃபைபர் படகுகள் குப்பந்தோறும் வந்து குவிந்தன. கொடுத்தவர்களின் கருணையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவசரத்தில் வார்க்கப்பட்ட படகுகளும் அவற்றில் இருந்தன. அவற்றின் குறைகள் முதல் வருஷத்தில் தெரியவில்லை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க முன்முனையான அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் நுரை அடைத்த அறைகளை வைத்தார்கள், உயிரைக் காக்கும் ஏற்பாடு, வேண்டியதே. அந்த அறைக்கு ஒரு வடிகால் திருகு வைக்க மறந்தார்கள். மேலே ஒரு வளையத்தை முடுக்கிய போல்ட்டின் வழியே நீர் கசிந்து நுரைக்குள் புகுந்தால் வெளியேற மார்க்கம் இல்லை. மிதக்க வைக்க வேண்டிய நுரையே பாரமாகிறது. நான்கு பேர் தள்ளிக் கரையேற்றிய படகுக்கு ஆறு பேர் வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் யாரோ வியந்து சொல்வார்கள். அப்பொழுதுதான் சங்கதி வெளிப்படும். படகின் நெடுஞ்சட்டங்களுக்குள்ளும், இஞ்சின் தொங்கும் பின்பலகைக்குள்ளும் மரத்தை வைத்து மேலே இழையால் மூடியிருப்பார்கள். மூடிய பிறகு போல்ட்டுக்காகத் துளையிட்டு, துளையின் சுவரைப் பிசினால் அடைக்காமல் விட்டுவிட்டால், மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போய் ஓடு மட்டும் நிற்கும். அனுபவஸ்தர்கள் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். கெட்டியான இடம் கணீரென்கிறது, உளுத்த இடம் மொத்தென்கிறது. வைத்தியர் மார்பில் விரல் தட்டிப் பார்ப்பதைப் போன்ற வித்தைதான். ஒரு சாண் அகலத்தில் ஒரு மூடியைத் திறக்கும்படி வைத்திருந்தால் அந்த வித்தைக்கு அவசியமே இருந்திராது.

பழைய கலங்களை நினைத்துப் பார்க்கிறேன். பழமையைப் புகழ வேண்டும் என்ற ஆசையினாலன்று. கட்டுமரத்தில் குளிர்ந்த அலை இடுப்புவரை ஏறி இறங்க உட்கார்ந்து போனவர்களின் முழங்கால் வலியை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ஆயினும் அந்தக் கட்டுமரத்தின் அமைப்பில் ஒரு மகத்தான தெளிவு இருந்தது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, மணலில் காயப்போட்டார்கள். இலேசான மரம் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும் என்பது கட்டியவருக்குத் தெரியும். ஆகவே தினந்தோறும் பிரிக்கும்படியாகவே அதைக் கட்டினார். மதராஸ் கடற்கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலாப் படகும் அப்படித்தான். அதில் ஆணி இல்லை, வங்குக்கால் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை அடித்துத் தரையில் மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுத்தது. கயிறு இற்றுப்போனால் தையலைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். எது முதலில் கெடுமோ, அதுவே எல்லாவற்றுக்கும் வெளியே, கைக்கு எட்டும்படி இருந்தது.

1980-களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்பவர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையினால் படகு கட்டும் முயற்சியில் இறங்கினார். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பொருத்தி, இணைப்பின்மேல் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து மூடும் முறை அது. அந்த முயற்சியின் இன்னல்களையும் வெற்றியையும் அவர் 1985-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதற்கு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ என்று பெயர், அதாவது சிறியதைச் செய்வதே கடினம் என்பது. அந்தத் தலைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய கப்பலுக்கு வரைபடம் உண்டு, பரிசோதகர் உண்டு, பழுதுபார்ப்பதற்கென்றே உள்ளே நடைவழிகள் உண்டு. சின்னப் படகில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று தேவைகள் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியில் மீனுக்கு இடம் கிடைக்கிறது, டீசலுக்கு இடம் கிடைக்கிறது, ஸ்பேனர் பிடித்த கைக்குத்தான் இடம் கிடைப்பதில்லை.

இது ஏழைத் தேசத்துக் குறை என்றும் நினைத்துவிடலாகாது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆன்டிகுவாத் தீவிலிருந்து இங்கிலாந்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கின் நடுவே அடிக்கனம் பிடுங்கிக்கொண்டு கவிழ, அதிலிருந்த நான்கு பேரும் மாண்டார்கள். பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைக் குழு ஆராய்ந்தபோது கவனத்துக்கு வந்தவற்றுள் ஒன்று இது: அந்த வகைப் படகில் உட்புறச் சட்டக்கூடு தனியாக வார்க்கப்பட்டு அடியோட்டோடு பசையினால் ஒட்டப்படுகிறது, தரைதட்டிய அதிர்ச்சியில் அந்த ஒட்டு விட்டுப்போனாலும், அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கலாம். பார்க்க முடியாத இடத்தில் பலத்தை வைத்தார்கள்; பலவீனமும் அங்கேயே ஒளிந்துகொண்டது. செல்வந்தரின் உல்லாசப் படகுக்கும் எங்கள் கடுவையாற்றுப் படகுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பேதமில்லை.

படகு கட்டுபவர்களை நான் நிந்திக்கவில்லை. பட்டறையில் படகை ஒப்படைத்த பின், அது எங்கே கெட்டது, எப்படித் திறந்தார்கள் என்று அவர்களிடம் வந்து சொல்பவர் யார்? படகு ஒரு துறையில் பிறக்கிறது, வேறொரு துறையில் பழுதாகிறது. கெட்ட படகைத் திறக்கிற மெக்கானிக்கும் புதுப் படகை வரைகிற மேஸ்திரியும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. அதே அச்சில் அடுத்த படகு வார்க்கப்படுகிறது. அதே இடத்தில் அதே டேங்க் உட்காருகிறது. ஒவ்வொரு தடைக்காலத்திலும் இந்தக் கரை முழுவதும் ஆயிரக்கணக்கான கைகள் ஒரே சந்துகளில் நுழைந்து ஒரே குறைகளைத் தொட்டு உணருகின்றன. அந்த ஞானம் முழுவதும் ஆனி மாதத்தில் படகுகளோடு கடலுக்குப் போய்விடுகிறது. மானியம் தருகிற அரசாங்கம், கடன் தருகிற வங்கி, கொடை தருகிற ஸ்தாபனம் ஆகியோர் படகின் நீளத்தையும் இஞ்சினின் குதிரைச் சக்தியையும் கேட்கிறார்கள். டேங்கை எவ்வழியாக வெளியே எடுப்பது என்றும் கேட்டுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் அதற்கு ஒரு காசும் செலவாகாது.

அண்ணன் அறுத்த தளத்தை அறுத்தபடியே மூடவில்லை. டேங்கின் அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டி, ரப்பர் பட்டை கொடுத்து, பன்னிரண்டு போல்ட்டில் கழன்றுவரும் மூடியாக அதைச் செய்யச் சொன்னார். டேங்கின் அடியில் மரச்சட்டங்கள் வந்தன. ஐந்து படகுகள் தள்ளி, ஒரு புதுப் படகு வங்குக்கால் மட்டத்தில் நின்றது. வைகாசிக் கடைசியில் ஒரு மாலை, அண்ணன் கை கழுவிக்கொண்டு அங்கே போய், யாரும் அழைக்காமலே அந்த எலும்புக்கூட்டின் உள்ளே இறங்கினார். இஞ்சின் கட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, இல்லாத ஒரு ஸ்பேனரைப் பிடித்ததுபோல் கையை மடக்கி, இடப்பக்கக் கட்டையின் அடியில் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வங்குக்காலில் இடித்தது.

"மேஸ்திரி, இங்க நட்டு வந்தா எப்படி முடுக்குவீங்க?" என்று கேட்டார்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, அவரும் உள்ளே இறங்கி, அண்ணனின் முழங்கை இடித்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.